மாப்பிள்ளையின் மெக்சிக்கோப் படம்

தவராஜாவை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. குறை சொல்ல அவரிடம் எதுவும் இல்லாததுதான் காரணம். குடி இல்லை, புகை இல்லை. 'பே' என்கிற வதிவிட விசா கிடைத்து நிரந்தரமாக இருக்கிறார். பாசலில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. முப்பது வயதில் ஓர் ஆண்பிள்ளை இவ்வளவு சுத்தமாக இருக்கிறார் என்றால் எங்கோ எதையோ கழுவிவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். நான் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை செய்கிறவள். அளவுக்கு மிஞ்சி வெளுத்த துணியைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

என் கணவர் குகநாதனுக்கு அந்த வியாதி கிடையாது. ரயிலில் பக்கத்தில் இருந்தவன் சிரித்தாலே அவன் நல்லவன் என்று முடிவு கட்டிவிடுவார்.

"நல்ல பெடியன், ஞானம். அமைதியான பெடியன்."

"அமைதியான ஆக்கள்தான் ஆபத்து. நீங்கள் வாயடிக்கிறபடியாத்தான் நான் உங்களை நம்பினனான்."

பேச்சு என் தங்கை சுமித்ராவுக்காக. அவளுக்கு இருபத்தாறு வயது. போன ஐப்பசியில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் இறங்கியதிலிருந்து அவள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டை இரண்டு தடவை சோதனை போட்டுவிட்டார்கள். இரண்டு தடவையும் அம்மா அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு நின்றாளாம். பெண்பிள்ளையைத் தனியாக, கள்ளமாக ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரனோடு அனுப்ப அம்மா உயிர் போனாலும் சம்மதிக்க மாட்டாள். மாப்பிள்ளை இந்தியாவுக்கு வந்து, திருச்சியில் தாலி கட்டி, கையோடு கூட்டிக்கொண்டு போனால் சரி. அவளை அங்கிருந்து வெளியே எடுக்க எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். அந்த வழியின் பெயர் தவராஜா.

அதனால் பிடிக்காததை மனதுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு சம்மதித்தேன். எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் பேர்னில் ஒரு பிறந்தநாள் வீட்டில் யோகாம்பாள் அக்கா வடை பொரித்துக்கொண்டே கேட்டார்:

"ஆர், பாசல் தவராஜாவோ? அவர் கலியாணம் முடிச்சவரெல்லோ?"

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"என்ர தம்பி அவரோட ஒரே அறையில இருந்தவன். படம் கண்டவன். பெரிய படிக்கட்டு ஒண்டுக்கு முன்னால ரெண்டு பேரும் நிக்கினமாம். பொம்பிளையின்ர கழுத்தில தாலி இருந்ததாம். நான் பொய் சொல்லுவனே?"

யோகாம்பாள் அக்கா பொய் சொல்வார், ஆனால் தாலி விஷயத்தில் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என் கணவரைத் தொலைபேசியின் முன்னால் இருத்தி, பாசலுக்கு எடுக்கச் சொன்னேன். அவர் கேட்டார். கேட்டுவிட்டு, முகமெல்லாம் தெளிந்து என்னிடம் திரும்பினார்.

"அது மெக்சிக்கோவாம். கனடாவுக்கு எண்டு வெளிக்கிட்டு ஏஜென்சி அங்க கொண்டுபோய் வச்சிருந்ததாம். மாயன் எண்டு அந்தக் காலத்துச் சனங்கள் கட்டின கோயில் ஒண்டாம். ஒரு நாள் பஸ்ஸில கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவையாம். பொம்பிளை அந்த பஸ்ஸில வந்த ஆரோவாம்."

"பஸ்ஸில வந்த ஆரோ தாலியோட வந்து இவருக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுத்தவவோ?"

"உல்லாசப் பயணம் எண்டால் அப்பிடித்தானே."

அகதியாக வெளிக்கிட்ட ஆளுக்கு உல்லாசப் பயணம்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெக்சிக்கோ என்பதே முழுப் பொய் என்று நினைத்தேன். படம் சென்னைப் பக்கம் ஏதாவது ஒரு கோயிலில் எடுத்ததாக இருக்கும், பெண் ஊரில் இருப்பாள், என் தங்கை இரண்டாந்தாரமாக வந்து மாட்டிக்கொள்வாள். இரண்டு இரவு தூக்கம் இல்லை.

சலவை அறையில் எனக்கு மேலதிகாரியாக இருந்த சுவிஸ்காரியிடம் மாயன் என்றால் யார் என்று கேட்டேன். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பாசல் மியூசியத்துக்குப் போனபோது பார்த்தாளாம். காட்டுக்குள் கிடந்த கோயிலிலிருந்து கொண்டுவந்த மரச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றனவாம். அப்போதே முடிவெடுத்துவிட்டேன். தவராஜாவை அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். போய்வந்தவன் என்றால் வாயில் ஏதாவது வரும். போகாதவன் என்றால் முழி காட்டிக்கொடுக்கும்.

மே மாதத்தில் ஒரு வேலை இல்லாத நாளில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். மாப்பிள்ளையோடு ஒரு நாள் பாசல் சுற்றிப்பார்க்கிறோம் என்றுதான் சொல்லியிருந்தது. என் கணவர் தூண் ஸ்டேஷன் வருவதற்குள் தூங்கிப்போனார். நான் பேர்னில் மாறி, பாசலில் இறங்கும்வரை கேட்கவேண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாகத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

தவராஜா மேடையில் காத்திருந்தார். அயர்ன் பண்ணிய சேட்டு, கையில் ஒரு சொக்லேட் பெட்டி. அதை என்னிடம் நீட்டியபோது, குற்றமுள்ள நெஞ்சுதான் சொக்லேட் வாங்கும் என்று நினைத்துக்கொண்டே வாங்கி வைத்தேன்.

மியூசியத்துக்குள் நுழைந்ததும் காவலுக்கு நின்ற கிழவன் எங்கள் பின்னாலேயே வரத்தொடங்கினான். நாங்கள் ஓர் அறைக்குப் போனால் அவனும் அந்த அறைக்கு வருவான், நாங்கள் நின்றால் அவனும் நின்று சுவரைப் பார்ப்பான். கறுத்த மூன்று பேர் மியூசியத்தில் என்ன திருடப்போகிறார்கள் என்று அவனுக்குச் சந்தேகம். ஒரு சந்தேகக்காரியாக எனக்கு அவன் மேல் கோபம் வந்திருக்கக்கூடாது. ஆனாலும் வந்தது.

மாயன் சிற்பம் ஒரு பெரிய அறையில் இருந்தது. கோயில் வாசலுக்கு மேலே குறுக்காகப் போடுகிற பலகைகள். சப்படில்லா, அதாவது சப்போட்டா மரம் என்று எழுதியிருந்ததை என் கணவர் எழுத்துக்கூட்டி வாசித்து, "எங்கட வளவில நிக்கிற மரம்!" என்று சந்தோஷப்பட்டார். பலகை முழுக்கச் செதுக்கியிருந்தார்கள். நடுவில் பெரிய தலை அலங்காரத்தோடு ஓர் அரசன் இருக்கிறான், அவனுக்கு மேலே ஒரு பாம்பு வளைந்து போகிறது. இவ்வளவு காலம் காட்டில் கிடந்த மரம் இப்படிக் கறுப்பாக, உறுதியாக இருந்தது எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் நான் அதைப் பார்க்க வரவில்லை. என் கணவர் கால் உளைகிறது என்று வாங்கில் போய் அமர்ந்தார். நான் தவராஜாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உமக்கு இதெல்லாம் பழக்கம்தானே. உந்தமாதிரி இடத்துக்குப் போனனீரெல்லோ?"

"நான் போன இடம் முழுக்கக் கல்லு, அக்கா. பாம்பு இருந்தது. படியின்ர அடியில ரெண்டு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு."

"உது புத்தகத்திலயும் இருக்கும்."

"இருக்கும்" என்றார்.

"ஏறினனீரோ?"

"ஏறினன். ஏறேக்கை ஒண்டும் தெரியாது. இறங்கேக்கைதான் வயித்தைக் கலக்கும், அவ்வளவு செங்குத்து. நடுவில ஒரு சங்கிலி போட்டிருந்தாங்கள். எல்லாரும் அதைப் பிடிச்சுக்கொண்டு, இருந்து இருந்து இறங்கிச்சினம். அவ வேற வெறுங்காலோட..."

நிறுத்திக்கொண்டார். நான் விடுவேனா?

"ஆர் அவ?"

அவர் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கூட்டிக்கொண்டு போனவன் இது கோயில் எண்டு சொல்லிப்போட்டான். அவ உடனே அடியில செருப்பைக் கழட்டி வச்சிட்டா. அவ கழட்ட நானும் கழட்டினன். அந்த வெயிலுக்குக் கல்லுக் கொதிக்குது, அக்கா. பஸ்ஸில வந்த வெள்ளைக்காரர் எல்லாரும் சப்பாத்தோட ஆறுதலா ஏறுகினம். நாங்கள் ரெண்டு பேரும் துள்ளித் துள்ளி ஓடுறம். இறங்கி வந்தும் சும்மா வந்தாவோ? கோயிலுக்கு வந்து சுத்தாமப் போறதோ எண்டு அந்த முழுக் கட்டடத்தையும் ஒருக்காச் சுத்திக் கும்பிட வச்சா. பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். ஏஜென்சிக்காரன் எங்களை அடிக்காத குறை. ஒருத்தற்ற கண்ணிலயும் படாம இருங்கோ எண்டு கொண்டுவந்தால் திருவிழா நடத்துறியளோ எண்டு கத்தினான்."

சொல்லிக்கொண்டே சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. பொய் சொல்கிறவன் மெக்சிக்கோவில் செருப்பைக் கழற்ற மாட்டான். இவர் உண்மையிலேயே அங்கே போயிருக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அது பஸ்ஸில் வந்த யாரோ ஒருத்தியை நினைத்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை.

"பஸ்ஸில வந்த ஆரோ எண்டு இவருக்குச் சொன்னனீர்."

"ஓம்."

"பொய்."

"பொய்தான், அக்கா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவள் பெயர் மனோகரி. ஊர் வல்வெட்டித்துறைப் பக்கம். ஏஜென்சிக்காரன் இரண்டு பேருக்கும் இந்தியப் பாஸ்போட்டு எடுத்து, புதிதாகக் கல்யாணம் முடித்துத் தேனிலவுக்கு வந்தவர்கள் மாதிரிக் கனடாவுக்கு விமானம் ஏற்றுவதாகத் திட்டம். யாராவது கேட்டால் காட்டுவதற்குப் படம் வேண்டுமே. அதற்காகத்தான் உல்லாசப் பயணிகளின் பஸ்ஸில் ஒரு நாள் பயணம், கோயில், படிக்கட்டு எல்லாம். அதுவரை இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள்.

"தாலி?"

"அவன்தான் குடுத்தவன். மஞ்சள் கயிறும் கவரிங் தாலியும்."

"ஆர் கட்டினது?"

அவர் மறுபடி பலகைப் பக்கம் திரும்பினார். காவல்காரக் கிழவன் ஓர் அடி கிட்ட வந்தான்.

"கேக்கிறன், ஆர் கட்டினது?"

"நான்தான் கட்டினனான், அக்கா. ஹோட்டல் அறையில வச்சே கட்டச் சொன்னவன். அவ மாட்டன் எண்டிட்டா. ஹோட்டல் அறையில தாலி கட்டுறதோ எண்டு அழுதா. சரி, நீரே போட்டுக்கொள்ளும் எண்டால், தனக்குத் தானே தாலி கட்டுற பொம்பிளை எங்கயும் இருக்கோ எண்டு கேட்டா. கடைசியா, நாளைக்குக் கோயிலுக்குத்தானே போறம், அங்க வச்சுக் கட்டும் எண்டா."

"எந்தக் கோயில்?"

அவர் பலகையைக் கையால் காட்டினார். "உந்தமாதிரிக் கோயில்தான். படி ஏறி மேல போனால் ஒரு இருட்டு அறை. வாசலில குனிஞ்சு போகோணும். அங்க வச்சு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது.

"கோயிலில வச்சுத் தாலி கட்டிப்போட்டோ என்ர தங்கச்சிக்கு மாப்பிள்ளையா வந்து நிக்கிறீர்?"

"அது பாழடைஞ்ச இடம், அக்கா. சாமியுமில்லை, பூசையுமில்லை."

"செருப்பைக் கழட்டேக்கை சாமி இருந்தது, தாலி கட்டேக்கை இல்லாமப் போச்சுதோ?"

என் கணவர் வாங்கிலிருந்து ஓடிவந்தார். கிழவன் வாயில் விரலை வைத்துக் காட்டினான். "ஞானம், அது நடிப்புத்தானே" என்று என் கணவர் காதுக்குள் சொன்னார். "நீங்கள் பேசாம இருங்கோ" என்றேன். இந்தக் கல்யாணத்தை உடைப்பதற்காகத்தான் வந்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. என் சந்தேகம் பிழை என்று யாராவது என் மண்டையில் அடித்துச் சொல்லவேண்டும் என்றுதான் நான் வந்தது. சுமித்ரா வெளியே வரவேண்டும்.

வெளியே வந்து ஆற்றங்கரையில் அமர்ந்தோம். புட்டுப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. மிச்சத்தையும் கேட்டேன். மெக்சிக்கோ விமான நிலையத்தில் அவருடைய பாஸ்போட்டுப் படத்தில் பிடித்துவிட்டார்கள். வரிசையில் பின்னால் நின்றவளைக் காட்டி, இவள் உன்னோடு வந்தவளா என்று கேட்டார்களாம். தெரியாது, கண்டதே இல்லை என்று சொல்லிவிட்டார். அவள் கனடாவுக்குப் போனாள். இவரை வந்த வழியே சூரிச்சுக்குத் திருப்பி ஏற்றினார்கள். பிறகு ஒரு தடவை, அவள் தந்திருந்த ரொறொன்ரோ நம்பருக்கு எடுத்தபோது அவளுடைய அண்ணன் பேசினான். தங்கச்சிக்குக் கனடாவிலேயே பார்க்கிறோம், இனி இந்தப் பக்கம் எடுக்கவேண்டாம் என்றானாம். இவரும் எடுக்கவில்லை.

"இப்ப தாலி எங்க?"

"அவவிட்டத்தான். கழட்டியிருப்பா."

"இருப்பா எண்டால்? கழட்டினன் எண்டு அவவின்ர வாயால நான் கேக்கோணும். கேட்டால் அடுத்த மாதமே திருச்சியில நாள் வைக்கலாம். நம்பர் இருக்கோ?"

நம்பர் அவருக்கு மனப்பாடம். அதையும் நான் கவனித்தேன்.

ஸ்டேஷனில் தொலைபேசிக் கூண்டுகள் வரிசையாக இருந்தன. கனடாவில் அப்போது காலை. தவராஜாவைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டு நான் உள்ளே போனேன். கிழவன் எங்களைப் பார்த்தது போலத்தான் நான் அவரைப் பார்த்தேன், கண் எடுக்காமல். ஓர் ஆண் குரல் எடுத்தது. "நான் மனோகரியோட ஒண்டாப் படிச்சனான், தம்பி. சுவிசில இருந்து கதைக்கிறன்" என்றேன். பெண்குரல் என்றதும் அண்ணன்காரன் மறுபேச்சில்லாமல் கூப்பிட்டுவிட்டான். பொய் எனக்கு இவ்வளவு சுலபமாக வரும் என்று அதுவரை தெரியாது.

"ஹலோ, ஆர்?"

"பிள்ளை, உமக்கு என்னைத் தெரியாது. நான் ஞானேஸ்வரி. தவராஜாவுக்கு என்ர தங்கச்சியைப் பேசியிருக்கு."

பெட்டிக்குள் காசு விழும் சத்தம் கேட்டது.

"நல்லது, அக்கா" என்றாள்.

"உந்தத் தாலியைப் பற்றி அறியத்தான் எடுத்தனான். அது இப்பவும்..."

"அது என்னட்ட இல்லை, அக்கா. எயார்போட்டில கடைசி நேரம் ஏஜென்சிக்காரன் தனித்தனியா நில்லுங்கோ எண்டிட்டான். வரிசையில நிக்கேக்கையே கழட்டி அவரிட்டக் குடுத்திட்டன்."

அப்பாடா என்று மூச்சு வந்தது. சுமித்ரா இந்தியாவில் விமானம் ஏறுவதே கண்ணில் தெரிந்தது. அத்தோடு ரிசீவரை வைத்திருக்கலாம். ஆனால் அவரிடம் தாலி இல்லையென்று அவர் சற்று முன்னால்தான் சொன்னார். என் புத்தி சும்மா இருக்குமா?

"ஏன் அவரிட்டக் குடுத்தனீர்?"

"அது அவசரத்துக்குக் கட்டினதுதானே. கனடாவில இறங்கினாப் பிறகு, எங்கட கோயில் ஒண்டில வச்சு, ஆக்களுக்கு முன்னால திரும்பக் கட்டுங்கோ எண்டு குடுத்தனான். ஓம் எண்டு வாங்கினவர்." குரல் கொஞ்சம் இறங்கியது. "அவர் சுகமா இருக்கிறாரோ, அக்கா? அண்ணன் வேற இடம் பாக்கிறார். நான்தான் இன்னும் ஓம் எண்டேல்லை."

கொஞ்சம் நில்லும் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

"தாலியை எடும்."

தவராஜா என் முகத்தைப் பார்த்தார். மறுக்கவில்லை. சேட்டின் உள்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மஞ்சள் கயிறு நிறம் மங்கியிருந்தது.

"எறிய மனம் வரேல்லை, அக்கா."

"உதை நெஞ்சுக்குள்ள வச்சுக்கொண்டோ என்ர தங்கச்சிக்கு இன்னொண்டு கட்டப் போனனீர்?"

"கட்டுவன், அக்கா. குடுத்த வாக்கு மாறமாட்டன். சுமித்ராவுக்கு ஒரு குறையும் வராது, சத்தியம்."

"ஓம், கட்டுவீர். ஒரு குறையும் விடமாட்டீர். எனக்கு அதுதான் பயம்."

என் கணவர் என் கையைப் பிடித்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஞானம், சுமித்ராவை யோசியும். இது ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையும் தூரத்தில இருக்குது."

நான் அவளைத்தான் யோசித்தேன். வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்கும்போது அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவளை. இந்த ரிசீவரைக் கொக்கியில் மாட்டினால் அவள் ஆடி மாதம் பிறக்க முன்னம் என் வீட்டில் இருப்பாள். நல்ல சாப்பாடு, நல்ல வீடு, அமைதியான புருஷன். தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிற புருஷன். தன்னைப் பார்த்து அவர் ஏன் ஒருநாளும் அப்படிச் சிரிப்பதில்லை என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தெரியும்.

ரிசீவரைத் தவராஜாவின் கையில் திணித்தேன். "கதையும்" என்று கத்தினேன். அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

எதிர் வாங்கில் போய் அமர்ந்தோம். கண்ணாடிக்குள் தவராஜா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

"அம்மாவுக்கு என்ன சொல்லுறது?" என்று என் கணவர் கேட்டார்.

"மாப்பிள்ளை கலியாணம் முடிச்ச ஆள் எண்டு சொல்லுங்கோ."

அதற்கு மேல் முடியவில்லை. சந்தேகப்பட்டது சரியாய்ப் போனதே என்று வாய்விட்டு அழுதேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. தவராஜா கதவைக் கொஞ்சம் திறந்து, ரிசீவரைக் காதில் வைத்தபடியே கையை நீட்டினார்.

"அக்கா, சில்லறை முடியப்போகுது."

திருச்சியில் நாள் குறித்தாயிற்று என்று கொழும்பில் இருக்கிற மாமாவுக்கு உடனே அறிவித்து, அவர் வழியாக அம்மாவுக்குச் செய்தி போகவேண்டும் என்பதற்காக நான் கைப்பைக்குள் ஒரு பொட்டலம் காசு தனியாகக் கட்டி வைத்திருந்தேன். அதை அவிழ்த்து, அவர் உள்ளங்கையில் முழுவதையும் கொட்டினேன்.